சாரத்துக்குப் போன சேவல்கள்

அந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவையும் கார்குழலி தட்டியதில்லை. வாசலில் அவளுடைய ஸ்கூட்டி வந்து நின்றாலே போதும், "கொழலி வந்துட்டா" என்று உள்ளேயிருந்து குரல் வரும், பின்னாலேயே ஆளும் வந்துவிடும். அவள் அரியாங்குப்பத்திலேயே பிறந்தவள், அரியாங்குப்பத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். தினமும் ஆற்றுப்பாலத்தைத் தாண்டி டவுனுக்குப் போய் ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்துவந்தாள். பறவைக் காய்ச்சலைப் பற்றிய ஆராய்ச்சி அது. நோய் இருக்குமோ என்று சந்தேகப்படும் பறவைகளின் தொண்டையில் பஞ்சுக் குச்சி விட்டு மாதிரி எடுப்பதும் அவள் வேலை. கோழியும் வாத்தும் வளர்க்கிறவர்கள் ரத்தத்தில், அவர்களுக்கே தெரியாமல் அந்தக் கிருமி வந்துபோன தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு முறை ரத்தம் எடுத்து, சில வாரம் கழித்து மறுபடியும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எதுவும் தெரியும்.

யார் வீட்டில் போய் ரத்தம் கேட்பது என்று ஆய்வை நடத்திய டாக்டர் கோபிநாத் யோசித்தபோது, "எங்க தெருவுலயே ஆரம்பிக்கலாம் சார்" என்று முன்வந்தவள் அவள்தான். முதலில் கையை நீட்டியது எதிர்வீட்டு அஞ்சலாட்சி. விடியும்போதே தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு தெருத்தெருவாக விற்கிறவள். புருஷன் இல்லை. கட்டிக்கொடுத்த மகள் கடலூரில் இருந்தாள். வீட்டுக்குப் பின்னால் நாட்டுக்கோழிகள் வளர்த்தாள். அதில் ஒரு கால் நொண்டியான பெட்டை மட்டும் சமையற்கட்டுக்குள்ளேயே அவள் காலைச் சுற்றி வரும்.

"நீ கேக்குற, நா குடுக்குறேன். இதுல படிச்சுப் பாக்கறதுக்கு இன்னா இருக்குது" என்று சொல்லி, கார்குழலி வாசித்துக் காட்டிய ஒப்புதல் தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள். அவள் போட்டதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள்.

மழைக்காலம் முடிந்து பனி இறங்கத் தொடங்கிய சமயம், ஆற்றோர வயல்களில் மேய்ந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டம் ஒன்றில் வாத்துகள் கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து விழ ஆரம்பித்தன. மாதிரி போபாலில் இருக்கிற விலங்கு நோய் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. முடிவு வந்தபோது யாருக்கும் சந்தேகம் மிச்சமில்லை. வாத்து செத்த இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற கோழி, வாத்து, வான்கோழி எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. கார்குழலியின் தெரு அந்த வட்டத்துக்குள் இருந்தது.

அவள் வீட்டு மொட்டை மாடியில் அசில் என்கிற சண்டைச் சாதியில் இரண்டு சேவல்கள் இருந்தன. அவளுடைய கணவன் பலராமன் வளர்த்தவை. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். விழுப்புரம் சாலையில் நடந்த ஒரு விபத்தில் இடுப்பெலும்பு உடைந்து, அதற்குப் பிறகு ஸ்டியரிங் முன்னால் உட்கார முடியாமல் போனது. ஒரு வருஷத்துக்கு மேல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். குடித்தான். சோற்றுத் தட்டைத் தள்ளினான். யாரோ கொடுத்த இரண்டு குஞ்சுகள்தான் அவனை எழுப்பி உட்காரவைத்தன. அவற்றுக்குக் கம்பு ஊறவைக்க எழுந்தான், கூண்டு கட்டப் படியேறினான், அப்படியே குடியையும் விட்டான். சண்டைக்கு விடுவதில்லை. சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து அவற்றின் இறகைத் தடவிக்கொண்டிருப்பான், அவ்வளவுதான்.

உத்தரவு வந்த அன்று கார்குழலி வீட்டுக்கு வந்தபோது, பலராமன் இரண்டு சேவலையும் கூடையில் போட்டு மூடி, மாடியிலிருந்து இறக்கிக் கூடத்தில் வைத்திருந்தான்.

"நாளான்னிக்கு நம்ம தெருவுக்கு வராங்களாமே. நம்மளுத முதல்ல குடுத்துட்டா உனக்கும் பேச வசதியா இருக்கும்" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அழவில்லை. ஆனால் அந்தப் பழைய சுவரைப் பார்க்கிற பார்வை வந்திருந்தது. 

"இரு" என்றாள். "நா பாத்துக்கறேன்."

மறுநாள் காலையில் கையுறை போட்டுக்கொண்டு இரண்டு சேவலின் தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சுக் குச்சி விட்டு மாதிரி எடுத்தாள். ஆய்வுக்கூடத்தில் மற்ற மாதிரிகளோடு சேர்த்து, யாருடையது என்று எழுதாத இரண்டு குப்பிகளில் அவற்றையும் வைத்து மிஷினில் ஓடவிட்டாள். கூட வேலை செய்கிற பெண் "இது எந்த வீட்டோடது?" என்று கேட்டபோது, "சும்மா, கிட் சரியா இருக்குதான்னு பாக்கறேன்" என்றாள். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. இன்றைக்கு இல்லை என்றால் நாளைக்கும் இருக்காது என்று அர்த்தமில்லை. கால்நடைத் துறை ஆட்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் அவளே படம் போட்டு விளக்கிய விஷயம்தான் அது. அன்றைக்கு அதை அவள் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

மத்தியானமே, அந்த வட்டத்துக்கு வெளியே டவுன் பக்கம் இருக்கிற சாரத்திலிருந்து அவள் தம்பி பாலாஜி ஆட்டோவில் வந்தான். டிவி வாங்கிய அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுச் சேவல்களை உள்ளே வைத்து, மேலே பழைய புடவையை மூடிக் கொடுத்தாள்.

"கொழலி, இப்படிச் செய்யலாமா?" என்று பலராமன் கேட்டான்.

"டெஸ்ட் எடுத்துட்டேன். ஒண்ணுமில்ல. கொஞ்ச நாள் தம்பி வீட்ல இருக்கட்டும்."

"இல்ல, செய்யலாமான்னு கேட்டேன்."

"செய்யலாம்" என்றாள் அவள்.

அவள் அந்த வேலையில் இருக்கிறவள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவன் நம்பினான்.

மறுநாள் கால்நடைத் துறையின் வெள்ளை உடுப்பு ஆட்கள் தெருவுக்குள் வந்தார்கள். தலைமுதல் கால்வரை மூடிய அவர்களைப் பார்த்ததும் குழந்தைகள் உள்ளே ஓடின. இரண்டு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒருத்தி வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். கார்குழலிதான் முன்னால் நடந்தாள். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, தெரிந்த முகமாக நின்று, ஒவ்வொரு வாசலிலும் பேசினாள். இது கோழியோடு நிற்கிற நோயில்லை, வீட்டு ஆளுங்களுக்கும் வரலாம், வந்தால் தாங்காது என்று சொன்னாள். அத்தனையும் உண்மைதான்.

அஞ்சலாட்சி தன் கோழிகளைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள். நொண்டிப் பெட்டையை மட்டும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"கொழலி, நீதான் குச்சி வெச்சு டெஸ்ட் எடுக்குறியே. இத்த மட்டும் பாத்துட்டு, இருந்திச்சின்னா எடுத்துகினு போயேன். இது வெளியவே போறதில்ல, உள்ளுக்குள்ளவே கெடக்குது."

"அப்படி ஒவ்வொண்ணா பாக்க முடியாதுக்கா. வட்டத்துக்குள்ள இருக்கறது எல்லாத்தையும் எடுத்தாகணும். யாருக்கும் விதிவிலக்கு இல்ல."

யாருக்கும் என்ற சொல் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. சொன்ன பிறகு அவளுக்குக் காது சூடாகியது.  அஞ்சலாட்சி பெட்டையின் தலையை ஒருமுறை தடவி, கார்குழலியிடமே நீட்டினாள். வெள்ளை உடுப்புக்காரரிடம் கொடுக்கவில்லை. கார்குழலிதான் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. அது கத்தவில்லை. அவள் கையில் சூடாகக் கிடந்தது.

"பலராமன் சேவலுங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

"அத்த முன்னாடியே அனுப்பியாச்சு" என்றாள்.

கொல்லக் கொடுத்தாயிற்று என்று கேட்டவர்கள் புரிந்துகொண்டார்கள். அப்படித்தான் புரிந்துகொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் அஞ்சலாட்சி பலராமனுக்கென்று ஒரு கிண்ணத்தில் சங்கரா மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். வாயில்லாத ஜீவனை வளர்த்துக் கொடுக்கிற வலி தனக்குத் தெரியும் என்றாள். கார்குழலி அந்தக் குழம்பைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

சில வாரம் கழித்து இரண்டாவது ரத்தம் எடுக்க வேண்டிய நாள் வந்தது. தெருமுனையில், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கட்டிய பெரிய வீடு. சொல்தா வீடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குடும்பம் பிரான்சில். காவலுக்கு இருந்தவர் வராந்தாவைத் திறந்துவிட்டார். மேசை போட்டு, பஞ்சும் ஊசியும் பரப்பி, நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இந்த முறையும் முதலில் வந்து உட்கார்ந்தது அஞ்சலாட்சிதான். அன்றைக்கு அவள் மீனுக்குப் போகவில்லை. தெருவில் பாதிப் பேர் வரிசையில் நின்றார்கள். கார்குழலி அவள் கையில் ரப்பர்ப் பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பலராமன் அவளுக்குச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தான். மேசையில் வைத்துவிட்டு அஞ்சலாட்சியைப் பார்த்துச் சிரித்தான்.

"தம்பி, முகம் தெளிவா இருக்குது. நா பயந்துகினு இருந்தேன்" என்றாள் அஞ்சலாட்சி. "சேவல் போன துக்கத்துல மறுபடியும் படுத்துக்குவியோன்னு."

"இல்லக்கா, சேவல் நல்லாத்தான் இருக்குது. சாரத்துல மச்சான் வீட்ல. நேத்துகூடப் போய்ப் பாத்துட்டு வந்தேன். கொழலி டெஸ்ட் எடுத்துப் பாத்தா, நோய் இல்லன்னு வந்திச்சி. அதனால அனுப்பிட்டோம். உங்களுதுக்கெல்லாம் இருந்திச்சின்னு வந்ததுல எனக்கு ரொம்ப மனசு கஷ்டம்க்கா."

அவன் அதை அவ்வளவு இயல்பாகச் சொன்னான். எல்லார் வீட்டுக் கோழியையும் அவள் சோதித்துப் பார்த்தாள், அவர்களுடையதில் இருந்தது, தன்னுடையதில் இல்லை என்றே அவன் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான். அவள் அப்படிச் சொல்லவில்லை. அப்படியில்லை என்றும் சொல்லவில்லை.

வரிசையில் நின்றவர்கள் கார்குழலியைப் பார்த்தார்கள். கார்குழலியின் விரல் அஞ்சலாட்சியின் முழங்கை மடிப்பில் அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கட்டிய பட்டைக்குக் கீழே நரம்பு புடைத்துக்கொண்டு வருவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுதுக்கு யாரும் குச்சி வெச்சுப் பாக்கல தம்பி" என்றாள் அஞ்சலாட்சி. குரலை உயர்த்தவில்லை. பிறகு கார்குழலியிடம், "என் நொண்டிக்கும் அந்தக் குச்சிய வெச்சுப் பாத்திருக்கலாமே. நா கேட்டேனே" என்றாள்.

"அக்கா…"

"எடு. கை மரத்துப்போவுது."

கார்குழலி ரத்தம் எடுத்தாள். முதல் குத்து தவறியது.  அஞ்சலாட்சி பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு எழுந்து போனாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. யாரும் திட்டவில்லை. ஒருவர் மட்டும், "படிச்சவங்க வூட்டுக் கோழிக்குத் தனிச் சட்டம்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு நடந்தார். பலராமன் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"செய்யலாமான்னு உன்னக் கேட்டேன்" என்றான். "ரெண்டு தடவ கேட்டேன்."

அவள் மேசைமேல் பரப்பியிருந்த பஞ்சையும் ஊசியையும் பெட்டிக்குள் எடுத்துவைத்தாள். 

அன்றைக்கே பாலத்தைத் தாண்டி ஆய்வு நிலையத்துக்குப் போனாள். டாக்டர் கோபிநாத்தின் அறையில் உட்காராமல் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். குப்பியை, அட்டைப்பெட்டியை, ஆட்டோவை, "முன்னாடியே அனுப்பியாச்சு" என்று சொன்னதை. அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சாரத்து வீட்ல யார் யார் இருக்காங்க?"

"என் தம்பி, அவன் பொண்டாட்டி. அவ மாசமா இருக்கா சார்."

சொல்லும்போதுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. கர்ப்பிணிகள் பறவைகளின் பக்கமே போகக் கூடாது என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள். தன் தம்பி பெண்டாட்டி வினோதாவின் வீட்டுப் பின்கட்டில், பாதிக்கப்பட்ட வட்டத்திலிருந்து இரண்டு சேவலைக் கொண்டுபோய் வைத்தபோது, அந்தப் பெண்ணின் வயிறு அவள் ஞாபகத்துக்கே வரவில்லை. 

"உக்காருங்க கார்குழலி" என்றார் அவர். "கால்நடைத் துறைக்கு நீங்களே போன் பண்ணுங்க. நான் பண்ண மாட்டேன்."

பண்ணினாள். மறுநாள் காலையில் சாரத்துக்கு ஆட்கள் போனார்கள். தெருவே வேடிக்கை பார்க்க, வெள்ளை உடுப்பு அவள் தம்பி வீட்டுக்குள் நுழைந்தது. வினோதா அவளோடு பேசவில்லை. தொண்டையில் குச்சி விடும்போது கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாலாஜி மட்டும், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்க்கா" என்றான்.

சேவல்களை யாரும் தொட பலராமன் விடவில்லை. தானே கையுறை மாட்டிக்கொண்டு, இரண்டையும் ஒவ்வொன்றாகக் கூண்டிலிருந்து எடுத்துக் கொடுத்தான். பிறகு ஆட்டோவில் ஏறி அரியாங்குப்பம் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். அவன் மறுபடியும் படுத்துக்கொள்வான் என்று கார்குழலி பயந்தாள். அவன் படுக்கவில்லை. அடுத்த வாரமே தவளக்குப்பத்தில் ஒரு மரக்கடையில் கணக்கெழுதுகிற வேலைக்குப் போனான். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் செய்தது அவனுக்குத் தேவையாகவே இருந்திருக்கவில்லை. அவனுடைய பலத்தை அவள் நம்பவில்லை, அவ்வளவுதான்.

வினோதாவுக்கு ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. சேவல்களுக்கும் இல்லை. ஆய்வு நிலையம் கார்குழலியைக் களப்பணியிலிருந்து நீக்கி, ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டது. தெருவுக்கு வேறு பெண்ணை அனுப்பினார்கள். அன்றைக்கே கொடுத்துவிட்ட அஞ்சலாட்சியைத் தவிர ஒருவர்கூட இரண்டாவது ரத்தம் கொடுக்கவில்லை. மற்றவர்களிடம் முதலில் எடுத்த குப்பிகள் எல்லாம் துணையில்லாமல் குளிர்பெட்டியில் கிடந்தன. அவள் தினமும் அந்தப் பெட்டியைத் திறந்து மூட வேண்டியிருந்தது.

ஒருநாள் டாக்டரிடம் போய், "நான் அங்க போய்ச் சொல்லணும் சார்" என்றாள். "ரத்தம் கேக்க இல்ல. நடந்தத சொல்றதுக்கு."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொல்தா வீட்டு வராந்தாவில் சிலர் கூடினார்கள். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க வேண்டிய சங்கடம் அவர்களுக்கு வரும் என்று தோன்றியது. தன் சேவலைச் சோதித்துப் பார்த்ததையும் அவர்களுடையதைச் சோதிக்க முடியாது என்று சொன்னதையும் இரண்டும் ஒரே வாரத்தில் நடந்ததையும் சொன்னாள். உங்கள் கோழிகளை எடுத்தது தப்பில்லை, என்னுடையதை எடுக்காமல் விட்டதுதான் தப்பு என்றாள். ஒரு பெரியவர் எழுந்து, "உன் வேல போயிடுச்சா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றாள். "ம்" என்றுவிட்டு உட்கார்ந்தார். அந்த "ம்" அவளைப் பல நாள் தூங்கவிடவில்லை. அதன் பிறகு சிலர் வந்து ரத்தம் கொடுத்தார்கள். நிறையப் பேர் கொடுக்கவில்லை.

கோடை தொடங்கும்போது ஆய்வின் முடிவுகள் வந்தன. இரண்டு ரத்தமும் கிடைத்தவர்களில் ஒரே ஒருவர் ரத்தத்தில்தான் மாற்றம் இருந்தது. முதலில் இல்லாத தடம் இரண்டாவதில் இருந்தது. அஞ்சலாட்சி. அவளுக்குக் காய்ச்சல்கூட வரவில்லை. கிருமி வந்து, ஒன்றும் செய்யாமல், போய்விட்டிருந்தது. அந்த வீட்டுக் கோழிகளில் ஏதோ ஒன்றில் அது இருந்திருக்க வேண்டும்.

முடிவை ஆளிடம் நேரில் சொல்ல வேண்டும் என்பது விதி. டாக்டர் கோபிநாத் கார்குழலியைப் பார்த்தார். "நான் போறேன் சார்" என்றாள்.

முதல் முறையாக அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். அஞ்சலாட்சி ஈரக் கையோடு வந்து நின்றாள். மீன் கழுவிக்கொண்டிருந்தாள் போலிருந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை. கார்குழலி வாசற்படியில் நின்றே எல்லாவற்றையும் விளக்கினாள். பயப்பட ஒன்றுமில்லை, உடம்பு அதை ஜெயித்துவிட்டது, இனிமேல் அடுத்தவருக்கும் பரவாது என்றாள்.

அஞ்சலாட்சி விரலில் ஒட்டியிருந்த மீன் செதிலை எடுத்துப் போட்டாள்.

"அப்ப என் கோழிக்கு இருந்திருக்குது."

"ஆமாக்கா. அப்படித்தான் தெரியுது."

"நொண்டிக்கு இருந்திருக்குமோ. அதுதான் எங்கூடவே கெடந்திச்சி."

"தெரியலக்கா. இனிமே தெரிஞ்சுக்க முடியாது."

"அப்ப நீ எடுத்துகினு போனது சரிதான்."

 இந்த வார்த்தை கிடைத்தால் மனசு லேசாகும் என்று கார்குழலி எத்தனையோ நாள் நினைத்திருந்தாள். கிடைத்தது. லேசாகவில்லை.

"கோழி போனதுக்கு நா அழுவல" என்றாள் அஞ்சலாட்சி. "அத்த ஒங்கையில குடுத்தேன் பாரு. அவங்ககிட்ட குடுக்காம உங்கிட்ட குடுத்தேன். அதுதான் எனக்கு ஆற மாட்டேங்குது."

கார்குழலி தலையைக் குனிந்துகொண்டாள். எதிரே அவளுடைய வீட்டு வாசல், கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கே போக எவ்வளவு நேரம் ஆகுமோ என்று இருந்தது.

"இன்னும் ரத்தம் எடுப்பாங்களா?" என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

"அந்தத் தடம் எத்தன நாள் உடம்புல நிக்குதுன்னு பாக்கணும்க்கா. ஆனா கட்டாயம் இல்ல. விருப்பம் இருந்தா மட்டும். வேற பொண்ணு வரும்."

"அந்தப் பொண்ணுக்கு நரம்பு கெடைக்க மாட்டேங்குதுன்னு பக்கத்து வூட்ல சொல்றாங்க. நீயே வந்து எடு." ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "எடுத்துட்டுப் போயிடு. பேச்சு வேணாம்."

கதவைச் சாத்தினாள். ஓசைப்படாமல்தான் சாத்தினாள்.

கார்குழலி தெருவைக் கடந்து வீட்டுக்குள் போனாள். பலராமன் மரக்கடையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். "இன்னா சொன்னாங்க?" என்று கேட்டான். சரிதான் என்று சொன்னதிலிருந்து பேச்சு வேண்டாம் என்று சொன்னதுவரை, ஒரு சொல்லும் விடாமல் அவனிடம் சொன்னாள். அவன் துண்டால் முகத்தைத் துடைத்தபடியே கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தான்.